ரிட்டன் லோடு

வடசென்னையின் விம்கோ நகரில், மெட்ரோ பாலத்தின் நிழல் மாலையில் வந்து படுக்கும் ஒரு தெருவில், பரோட்டா கடைக்கு மேல்மாடியில், கணினியில் புரோகிராம் எழுதச் சொல்லித்தரும் மகிழினியின் வகுப்பு நடந்தது. மாடிப்படியின் இரும்புக் கதவு எப்போதும் பூட்டியே இருக்கும். வருகிறவர்கள் தெருவில் நின்று கூப்பிட வேண்டும். மேலே இருப்பவர்கள் சாவியை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஜன்னல் வழியாகப் போடுவார்கள். புதிதாக யாராவது வந்து விழித்தால், கடைக்காரர் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்வார்: "கீய நின்னு ஒரு கொரல் குடு. சாவி வரும்."

ஃபங்ஷன் பாடம் பிடிபட்டதும் அந்தக் குரலால்தான்.

"இன்னிக்கு ஃபங்ஷன்," என்று சொல்லிப் பலகையில் எழுதினாள் மகிழினி.

"யார் வூட்ல மிஸ்? காதுகுத்தா, வளகாப்பா? பிரியாணி கீதா?" என்றான் அலெக்ஸாண்டர். வியாசர்பாடிக்காரன். காலையில் பாக்ஸிங், பகலில் பார்சல் டெலிவரி, மாலையில் இங்கே.

"பிரியாணி நீதான் செய்யணும்," என்றாள் மகிழினி. "எப்டி செய்யறதுன்னு ஒரு தடவ எழுதி வெச்சி, அதுக்கு ஒரு பேர் குடுத்துடு. அப்புறம் எப்ப வேணுமோ அந்தப் பேரச் சொன்னா போதும். மறுபடி மறுபடி எழுத வேணாம். அதான் ஃபங்ஷன்."

அன்று அன்புக்கரசி தன் முதல் ஃபங்ஷனை எழுதி முடித்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரை அசையவில்லை.

"ஒண்ணியும் வர்ல மிஸ்."

அலெக்ஸாண்டர் எட்டிப் பார்த்தான். "எய்தி வெச்சிட்டு சும்மா குந்திகினா எப்டி? கொரல் குட்தியா? கீய நின்னுகினே இருந்தா சாவி வருமா?"

அறையே சிரித்தது. அன்புக்கரசியும் சிரித்தாள். கீழே இன்னொரு வரி சேர்த்து ஃபங்ஷனின் பேரை எழுதினாள். அது ஓடியது. அதற்குப் பிறகு ஒரு நாளும் அவள் குரல் கொடுக்க மறக்கவில்லை. ஒரே தடவையில் புரிந்துகொள்கிற பெண் என்று மகிழினி நினைத்தாள். அதனால்தான் அடுத்து வந்தது மகிழினிக்குப் பிடிபடவே இல்லை.

மகிழினியும் அன்புக்கரசியும் பள்ளியில் ஒரே பெஞ்சு. பன்னிரண்டாவது முடிந்ததும் மகிழினி கல்லூரிக்குப் போனாள், இப்போது பி.சி.ஏ. கடைசி வருடம். அன்புக்கரசி கொருக்குப்பேட்டையில் ஒரு குடோனில் பழைய பிளாஸ்டிக் பிரிக்கும் வேலைக்குப் போனாள். அங்கே அவளுக்குப் பெயர் கிடையாது. "ஏ பொண்ணு" என்பார்கள். அங்கிருந்த எல்லாரையும் அப்படித்தான் சொல்வார்கள். சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு எண்ணூர் ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் வேலை கிடைத்தது. கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவள் வீட்டில் அவள்தான். உள்ளே போகிற, வெளியே வருகிற டிரெய்லர்களின் எண்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. டிரைவர்கள் தூரத்திலிருந்தே "அன்பு!" என்று கத்திக்கொண்டு வருவார்கள். எங்கோ ஒரு கடல் தாண்டி, பெயர் தெரியாத ஒரு ஊரின் மழையில் துருப்பிடித்த பெட்டி ஒன்று, அவள் கை தூக்கினால்தான் அந்தக் கேட்டைத் தாண்டும். அதை நினைத்தால் அவளுக்கே சிரிப்பாகவும் பெருமையாகவும் இருக்கும்.

இப்போது அந்தக் கேட்டில் கேமரா பொருத்திவிட்டார்கள். கேமராவே எண்களைப் படித்துவிடும். அடுத்த மாதத்திலிருந்து கேட்டில் ஆள் தேவையில்லை. கேட் ஆட்கள் ஐந்து பேருக்கும் சனிக்கிழமை ஒரு பரீட்சை. புரோகிராம் எழுதத் தெரிந்த இரண்டு பேருக்குக் கன்ட்ரோல் ரூமில் இடம். மற்றவர்கள் வீட்டுக்கு.

"கேமரா பேர் சொல்லிக் கூப்டுமாடி?" என்று ஒருநாள் படியில் இறங்கும்போது கேட்டாள் அன்புக்கரசி. "மறுபடி அந்த குடோன்ல போய் 'ஏ பொண்ணு'ன்னா திரும்பிப் பாக்க என்னால முடியாது."

அவளுடைய தப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான்.

பயிற்சிக்கு மகிழினி அவளுக்காகவே ஒரு கணக்கு கொடுத்திருந்தாள். ஒரு வண்டி உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் கொடுத்தால், எவ்வளவு நிமிடம் யார்டில் நின்றது என்று சொல்லும் ஒரு ஃபங்ஷன். பிறகு இரண்டு வண்டிகளுக்கு அதைக் கூப்பிட்டு, வந்த இரண்டு விடைகளையும் கூட்ட வேண்டும். அன்புக்கரசி எழுதினாள். குரல் கொடுத்தாள். திரையில் நாற்பது வந்தது, அடுத்து முப்பது வந்தது. கூட்டும் வரிக்கு வந்ததும் திரை முழுக்கச் சிவப்பு.

"தோ நாப்பது, தோ முப்பது. கண்ணுக்கு நேரா கீது. கூட்றதுக்கு அதுக்கு இன்னா பேஜாரு?"

மகிழினி குனிந்து பார்த்தாள். ஃபங்ஷனுக்குள் விடையை 'பிரின்ட்' செய்திருந்தாள். அதற்கடியில், கடைசி வரியில், 'ரிட்டன்' என்று மட்டும். பக்கத்தில் ஒன்றுமில்லை.

"ரிட்டனுக்குப் பக்கத்துல விடைய எழுதணும்பா. பிரின்ட்டுன்னா திரையில காட்டறது. நாம பாக்கலாம், அவ்ளோதான். ரிட்டன்னா கேட்டவங்க கையில குடுக்கறது. நீ கையில எதுவும் குடுக்கல. அப்புறம் எதக் கூட்டும்?"

"சரி மிஸ்."

திருத்தினாள். எழுபது வந்தது. மறுநாள் வேறு கணக்கு. மறுபடி வெறும் 'ரிட்டன்'. விடையைக் கேட்டால் திரையில் 'நன்' என்று வந்து நிற்கும். ஒன்றுமில்லை என்று பொருள். அதைப் பார்த்தும் அவளுக்குத் தப்பாகவே தெரியவில்லை. சரியான இடத்தில் சரியான ஆளைப் பார்த்ததுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவாள்.

மகிழினி கலர் சாக்பீஸில் எழுதிப் பார்த்தாள். டீக்கடை உதாரணம் சொன்னாள்: ஃபிளாஸ்க் கொடுத்து அனுப்பிய ஆள், கடையிலேயே நின்று "டீ சூப்பர்" என்று கத்திவிட்டு வெறும் கையோடு வந்தால் ஒத்துக்கொள்வாயா? அன்புக்கரசி சிரித்தாள், புரிந்தது என்றாள், டீக்கடைக் கணக்கை ஒழுங்காக எழுதினாள். வண்டிக் கணக்குக்கு வந்ததும் மறுபடி வெறும் 'ரிட்டன்'.

புதன்கிழமை மகிழினியால் முடியவில்லை. கல்லூரியில் அன்று முழுக்க வைவா பரீட்சை, தலைவலி வேறு. "அதே தப்பு! எத்தன தடவ சொல்றது அன்பு? மண்டையில ஏறுதா இல்லியா?" என்று கத்திவிட்டாள்.

கீழே கொத்துப் பரோட்டா போடும் சத்தம் மட்டும் கேட்டது. அலெக்ஸாண்டர் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்புக்கரசி லேப்டாப்பை மெதுவாக, உள்ளே யாரோ தூங்குவதுபோல, மூடினாள்.

"இல்ல மிஸ். ஏற்ல," என்றாள். எழுந்து போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஜன்னலுக்குக் கீழே அவள் குரல் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கல்லூரி முடிந்ததும் மகிழினி ஷேர் ஆட்டோ பிடித்து யார்டுக்குப் போனாள். சாலையின் ஒரு பக்கம் டிரெய்லர்கள் முட்டி முட்டி நின்றன. மறுபக்கம் பாறைகளுக்கு அப்பால் கடல், புழுதி பூசிய வெளிச்சத்தில் அசையாமல் கிடந்தது. தொலைவில் துறைமுகத்துக்குள் போக முறை வராத கப்பல்கள், வந்த வேலையையே மறந்துவிட்டதுபோல நின்றுகொண்டிருந்தன.

கேட் பக்கத்துக் கூண்டில் அன்புக்கரசி உட்கார்ந்திருந்தாள். வெளியே, வண்டிகளின் எண்ணைப் பார்த்துச் சொல்லும் அஜின். அவள்கூட வேலை செய்பவன். நாளைய பரீட்சையில் அவனும் உண்டு. மகிழினியைப் பார்த்ததும் அன்புக்கரசி முகத்தைத் திரையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னா மிஸ் இவ்ளோ தூரம்? திட்றதுல மிச்சம் கீதா?"

"மிஸ்ஸுன்னு சொல்லாதடி. சாரி சொல்லத்தான் வந்தேன்."

"சொல்லிட்ட இல்ல, போ. எனக்கு ஏற்ல, அவ்ளோதான். நாளைக்கிப் போய் சும்மா குந்திட்டு வரேன்."

அதற்குள் ஒரு டிரெய்லர் பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றது. மேலேயிருந்து ஒரு டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"அன்பு! ரிட்டன்!"

"சரி பொன்ராஜண்ணே!" அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. விசைப்பலகையில் இரண்டு எழுத்துகளைத் தட்டினாள்: எம், டி. கேட் கம்பி மேலே போனது. வண்டி நகர்ந்தபோதுதான் மகிழினி பார்த்தாள். அதன் நீண்ட முதுகில் ஒன்றுமே இல்லை.

"நீ பாக்கவே இல்லியே. காலியா போவுதுன்னு எப்டித் தெரியும்?"

"ரிட்டன்னாரே."

"ரிட்டன்னா?"

அன்புக்கரசி முதல் தடவையாகத் திரும்பி அவளைப் பார்த்தாள், சின்னக் குழந்தையைப் பார்ப்பதுபோல. "ரிட்டன்னா காலிதான்டி. லோட உள்ள எறக்கிட்டு எம்ப்டியா திரும்புது. அத்தத்தான் எம்டின்னு ரெண்டே எய்த்துல போடுவோம். அதுகூடவா தெரியாது?"

மகிழினி தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"அன்பு, நீ புரோகிராம்ல ரிட்டன்னு எழுதறப்போ உன் மனசுல இன்னா ஓடுது? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ சொல்லு."

"இன்னா ஓடும்? வண்டிதான் ஓடும்." அவள் விரலால் மேஜையில் வரைந்து காட்டினாள். "நீ கொரல் குடுக்கற. வண்டி கெளம்பி உள்ள போவுது. வேலையப் பாக்குது. லோட அங்க எறக்குது, அதான் பிரின்ட்டு. கண்ணுக்குத் தெரியுது இல்ல, நாப்பது, முப்பதுன்னு? அப்பால ரிட்டன். காலியாத்தான் வரும். அதுக்குதான் நன்னுன்னு போடுது, நம்ம எம்டி மாரி. எல்லாம் கரீட்டா கீதேன்னு நெனச்சிக்குவேன். நீ இன்னாடான்னா ரிட்டன்ல போய் எதையோ ஏத்துன்ற. எறக்கின லோட எதுக்கு மறுபடி ஏத்தணும்? நீ சொல்றியேன்னு ஏத்துவேன். அப்பால மறந்து பூடும்."

மகிழினிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், கூண்டின் படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"சிரி. நல்லா சிரி. அதுக்குதான் வந்தியா?"

"உன்னப் பாத்து இல்லடி. என்னப் பாத்து." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இத்தினி நாளா ரிட்டன்ல எழுது, எழுதுன்னு சொன்னேனே தவிர, ஏன் எழுத மாட்டேன்றன்னு ஒரு தடவ கேக்கல பாரு. நீ நெனச்சது தப்பே இல்ல. உங்க கேட்ல அதான் சரி. ஆனா நான் உன் வண்டிய லோட எறக்கறதுக்கு அனுப்பல. எடுத்துனு வர்றதுக்கு அனுப்பறேன். போவும்போதுதான் அது காலி. வரும்போது கையில இருக்கணும்."

அன்புக்கரசியின் விரல் மேஜையில் நின்றது. கேட்டுக்கு வெளியே யாரோ ஹாரன் அடித்தார்கள். அவள் கவனிக்கவில்லை.

"இரு, இரு," என்றாள். "அப்ப அது ரிட்டன் இல்ல. ரிட்டன் லோடு."

"அது இன்னா?"

"டிரைவருங்க எல்லாம் அதுக்குதானே சாமி கும்புடுவாங்க! போன எடத்துலயே திரும்பி வர்றதுக்கும் ஒரு லோடு கெடச்சிதுன்னா... ஸ்ரீபெரும்புதூர் போய் எறக்கிட்டு, அங்கிருந்தே ஒண்ண ஏத்திகினு வருவாங்க. அன்னிக்கி அவுங்க மூஞ்சியப் பாக்கணும் நீ. ஹாரனே வேற மாரி அடிப்பாங்க." அவள் கண்கள் பெரிதாகின. "ஏன்டி, இத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ரிட்டன் லோடுன்னு சொல்லியிருந்தா பர்ஸ்ட் நாளே பூந்திருக்கும்!"

"எனக்குத் தெரிஞ்சாதானே சொல்றதுக்கு!"

"ஏ அன்பு! ஹாரன் அடிக்கிறான் பாரு!" என்று வெளியிலிருந்து அஜின் கத்தினான்.

அவள் வண்டியை உள்ளே விட்டாள். பிறகு, கண்டெய்னரில் குறி போட வைத்திருந்த சாக்பீஸை எடுத்து, கூண்டின் தகரச் சுவரில் நின்றபடியே எழுதத் தொடங்கினாள். உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், கழித்தல். கடைசி வரியில் 'ரிட்டன்' என்று எழுதி, ஒரு கணம் நிறுத்தி, பக்கத்தில் விடையை வைத்தாள். அதைச் சுற்றி ஒரு செவ்வகம் வரைந்தாள். அடியில் இரண்டு சக்கரம்.

"சக்கரம் வேணாம். ஓடாது," என்றாள் மகிழினி.

"அது எனக்கு."

அடுத்த ஷிப்டு வரும்வரை இருவரும் அந்தத் தகரச் சுவரை நிரப்பினார்கள். நடுவில் அஜின் வந்து எட்டிப் பார்த்தான். "இதெல்லாம் பரிச்சையில வருமா? நான் வீடியோ பாத்துட்டேன், போதும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை மதியம் மகிழினியின் போன் அடித்தது. எடுத்ததும் எதிர்ப்பக்கம் அழுகை.

"போச்சிடி. ராங்கா எய்திட்டேன்."

"இன்னா ஆச்சு? ரிட்டன மறந்துட்டியா?"

"அதெல்லாம் போட்டேன். மூணு ஃபங்ஷன் எய்த சொன்னாங்க, மூணுலியும் லோடு ஏத்திட்டேன். இன்னொரு கேள்வி. அவுங்களே ஒரு ஃபங்ஷன் குட்து, அதோட விடைய ஒரு பொட்டியில போட்டாங்க. கடைசியில பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு கேள்வி. பாத்தா, உள்ள வெறும் பிரின்ட்டுதான். ரிட்டனே இல்ல."

"அப்ப விடை நன். இத்தினி நாளா நீ பாத்தது அதத்தானே!"

"தெரியும்டி! பாத்த ஒடனே தெரிஞ்சி போச்சி. காலின்னு. கை பாட்டுக்கு எம்டின்னு எய்திட்ச்சி. கேட்டுல போடற மாரியே, ரெண்டே எய்த்து. பேப்பரக் குட்துட்டு வெளிய வந்தப்புறம்தான் ஒறைக்குது. திருத்தறவங்க நம்ம யார்டு ஆளுங்க இல்ல, சாப்ட்வேர் ஆபீஸ்லேர்ந்து வந்த மேடம். அவுங்களுக்கு இன்னா தெரியும்? எதையோ கிறுக்கி வெச்சிருக்குன்னு நெனப்பாங்க."

"மத்ததெல்லாம் நல்லா எழுதியிருக்க இல்ல," என்றாள் மகிழினி.

"கீறது ரெண்டு எடம். மூணு பேரு நல்லா எய்திட்டாங்கன்னு வெச்சிக்க. அந்த ஒரு கேள்விதான் ஆள தள்ளும்."

ஞாயிறு முழுக்க மகிழினி ஒரு வேலையும் செய்யவில்லை. துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் அங்கேயே நின்றாள். அங்கிருந்து பார்த்தால் கிரேன்களின் கழுத்துகள் தெரியும். தண்ணீர் குடிக்கக் குனிந்து, நடுவில் எதையோ யோசித்து நின்றுவிட்ட விலங்குகள்போல. ஒரு வார்த்தைக்கு இரண்டு வாசல். ஒருத்தி ஒரு வாசலில் நுழைந்து இத்தனை நாளும் காத்திருந்தாள், நான் இன்னொரு வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டாள். ஈரத் துணி தோளிலேயே பாதி காய்ந்துவிட்டது.

திங்கட்கிழமை மாலை. மகிழினி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அலெக்ஸாண்டர் புறங்கையில் ஐஸ்கட்டி வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அன்பு ரிசல்ட்டு இன்னாச்சி மிஸ்?"

"தெரியல. போன எடுக்கல."

"எடுக்காதங்காட்டியும் பெயிலுன்னு இல்ல. நான் ஜெயிச்சப்பகூட எடுக்க மாட்டேன். மூஞ்சி வீங்கினு இருக்கும், பேச வராது."

அப்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"மகீ!"

மகிழினி ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில், பரோட்டா கடைப் புகைக்கு நடுவில், அன்புக்கரசி அண்ணாந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இன்னாடி ஆச்சு?"

அவள் சாவிப் பைக்காகக் கையை மட்டும் நீட்டினாள்.

"சொன்னாதான் சாவி," என்றாள் மகிழினி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எம்ப்டியா, லோடா?"

அன்புக்கரசி கொஞ்ச நேரம் அவளைத் தவிக்கவிட்டாள். பிறகு வாயில் கை வைத்து, டிரெய்லர் ஹாரன்போல நீளமாக ஊதினாள். கடைக்காரர் முதல் தடவையாகக் கல்லை விட்டு நிமிர்ந்தார். அலெக்ஸாண்டர் ஐஸ்கட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு விசிலடித்தான்.

"அந்த மேடம் என்னக் கூப்ட்டாங்கடி!" கீழேயிருந்தே கத்தினாள். "இது இன்னாமா எம்டி, யாரோட இனிஷியலுன்னு கேட்டாங்க. காலி மேடம், எங்க கேட்ல அப்டித்தான் எய்துவோம், ஒண்ணுமே வர்லன்னு அர்த்தம்னு சொன்னேன். சிரிச்சாங்க. அப்ப நன்னுன்னா இன்னான்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, மார்க்கு உண்டுன்னாங்க. அந்தக் கேள்விக்கு மத்தவங்க அல்லாரும் பிரின்ட்டுல வர்ற நம்பர எய்தி வெச்சிருக்காங்க! கன்ட்ரோல் ரூம்ல எனக்கு எடம் குட்துட்டாங்கடி!"

"மேல வாடி மொதல்ல!" மகிழினி சாவிப் பையை எடுத்தாள்.

"இரு. ரிட்டன் லோடு கீது."

அவள் ஓரமாக நகர்ந்தாள். பின்னால், கடைப் பலகையின் நிழலில், கையில் ஹெல்மெட்டோடு அஜின் நின்றிருந்தான். அண்ணாந்து பார்க்கவா வேண்டாமா என்று தெரியாமல் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். நம்பரை எழுதி வைத்தவர்களில் அவனும் ஒருவன், இடம் கிடைக்காதவர்களிலும் ஒருவன் என்று யாரும் சொல்லாமலே மகிழினிக்குத் தெரிந்தது.

"கேமரா வேலைய எடுத்துக்கறதுக்கு இன்னும் நாள் கீது," என்றாள் அன்புக்கரசி, இந்தத் தடவை கத்தாமல். "இவனுக்கு அதுக்குள்ள கத்துக் குட்தா வேற எங்கனா போவான் இல்ல. நானே சொல்லிக் குடுக்கறேன். நீன்னா திட்டுவ."

மகிழினி சாவியைப் போடப் போனாள். அன்புக்கரசி கையைத் தூக்கித் தடுத்தாள். அஜினின் தோளைத் தட்டினாள்.

"சும்மா நின்னா வராது. நீயே ஒரு கொரல் குடு."